மாட்டுப்பட்டியில் குதிரை

பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நிற்கும் குதிரைக்காரத் தம்பிகளே, முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். நின்றுகொண்டே தூங்குவது குதிரைக்குத்தான் கைவந்த வித்தை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சிறு நிலத்தில் குதிரை வளர்ப்பு. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அணைக்கட்டைத் தாண்டும்போது ஊர்ப் பலகை கண்ணில் பட்டது. மாட்டுப்பட்டி! பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற இடம். பெயரிலேயே மாட்டைக் கட்டி வைத்திருக்கும் ஊருக்கு வந்து, குதிரையைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைய பேச்சுக்குத் தலைப்பு 'மாட்டுப்பட்டியில் குதிரை'.

இந்த ஊர் மாட்டை நம்பி வளர்ந்த ஊர். 1902இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடியது. அதை இழுத்தது எது? நீராவியா? குதிரையா? இல்லை, காளை மாடுகள். 1908இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். 1924இல் வந்த வெள்ளம், கொல்லம் ஆண்டை வைத்து நம் பாட்டிமார் சொல்லும் தொண்ணூற்றொன்பது வெள்ளம், அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு 1963இல் இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து இங்கே கால்நடைத் திட்டம் தொடங்கின. பிரவுன் சுவிஸ் காளைகள் இந்த மலைக்கு வந்தன. நாட்டுப் பசுக்களோடு கலந்து, கேரளத்தின் சுனந்தினி மாடு உருவாயிற்று. அந்தத் திட்டத்தின் பண்ணை இன்றைக்கும் இங்கே இருக்கிறது.  ஆக, மாடு என்றால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்தப் புல் கொடுத்தால் பால் கூடும், எந்தப் புல்லால் வயிறு உப்பும் என்று நீங்கள் எனக்கே பாடம் நடத்துவீர்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மாட்டைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் நாம் குதிரை மேல் ஏற்றுகிறோம். இரண்டுக்கும் நாலு கால், இரண்டும் புல் தின்கின்றன, பிறகென்ன என்று நினைக்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய ஒரு செம்மண் நிறப் பெண் குதிரையை என்னிடம் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். குதிரை இளைத்திருந்தது. ஒருநாள் முன்காலில் நொண்டும், மறுநாள் பின்காலில் நொண்டும். குளம்பைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மூட்டைப் பார்த்தேன், வீக்கமில்லை. "தீனி போதவில்லை தம்பி, தவிட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குதிரையின் முகமே மாறியிருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் எலும்பு புடைத்து, யாரோ கன்னத்தில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தது போல இருந்தது. அவர் சொன்னார்: "சார், நான் ஒரு குறையும் வைக்கலை. பால் மாட்டுக்குப் போடுற அதே செட்டேரியாப் புல்லு, அதே தவிடு. நீங்க சொன்ன மாதிரி கூட்டித்தான் போட்டேன்."

நான் சொன்ன மாதிரி கூட்டித்தான் போட்டார். அதுதான் கோளாறு!

செட்டேரியா, கிக்குயு, கினிப் புல், காங்கோ சிக்னல், நேப்பியர் என்று நாம் மாட்டுக்காக வளர்க்கும் இந்த வெப்பநாட்டுப் புற்களில் ஆக்ஸலேட் என்ற பொருள் இருக்கிறது. செட்டேரியாவில் நிரம்ப. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? மாடு அசை போடும் பிராணி. அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை அந்த ஆக்ஸலேட்டைத் தின்று தீர்த்துவிட்டுச் சுண்ணாம்பை விடுவித்துக் கொடுக்கின்றன. குதிரை அசை போடுமா? போடாது. அதற்கு இருப்பது ஒரே சின்ன இரைப்பை. நார் செரிப்பதெல்லாம் பின்குடலில். அங்கே ஆக்ஸலேட் உடைவதற்குள் சுண்ணாம்பு சேர வேண்டிய இடம் தாண்டிப்போய்விடும். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு என்ன செய்யும்? சொந்த எலும்பிலிருந்து கடன் வாங்கும். எலும்பு கரைந்து, அந்த இடத்தை நார்த் திசு அடைக்கும். முகம் வீங்கும், கால் நொண்டும். தவிட்டில் சுண்ணாம்பு குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதையும் சேர்த்தால் கடன் இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் அந்தக் காலத்து மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இதே நோய் வந்தது. மில்லில் தவிட்டுக்குப் பஞ்சமா?

அந்தக் குதிரை பிழைத்தது. புல்லை மாற்றினோம், தவிட்டை நிறுத்தினோம், நொண்டல் போயிற்று. முகத்துப் புடைப்பு மட்டும் முழுதாக வடியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும், எனக்கு என் தவிட்டு வைத்தியம் ஞாபகம் வரும்.

இதோடு முடிந்ததா? இல்லை. மாட்டுக்குச் சூபாபுல் தழை ஒடித்துப் போடுகிறோம், நல்ல புரதம். குதிரைக்குப் போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். அதிலுள்ள மிமோசினை உடைக்கும் நுண்ணுயிரும் மாடு போன்ற அசை போடும் பிராணிகளின் பெருவயிற்றில்தான் வாழ்கிறது. நம் மலைச்சரிவு முழுக்க வெள்ளைப் பூங்கொத்தோடு பரவிக் கிடக்கிறதே யூபடோரியம், அதை வெறும் களை என்றுதான் நினைக்கிறோம். பசு நாலு வாய் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. குதிரை மாதக்கணக்கில் மேய்ந்தால் நுரையீரல் நார்நாராகக் கெட்டுப்போகும். ஆஸ்திரேலியாவில் இந்தச் செடி பரவிய பள்ளத்தாக்குகளில் குதிரைகள் இருமி இருமிச் செத்தன. அங்கே அந்த நோய்க்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். கோழித் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் மருந்து குதிரையின் இதயத் தசையைக் கொல்லும். கோழித் தீவனம் மிச்சம் இருக்கிறது, வீணாகப் போகிறதே என்று குதிரைக்கு வைத்துவிடாதீர்கள். வாசலில் அழகுக்கு நட்ட அரளி? சில கைப்பிடி இலை போதும், குதிரை விழுந்துவிடும். சரி, அரளியில் மட்டும் மாடும் குதிரையும் ஒன்றுதான்.

குதிரைக்குத் தீனி தெரியாத குறை நமக்குப் புதிதல்ல. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்துவிட்டுப் போனார். அரபிக் கடல் தாண்டிக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறையில் இறங்கின. மன்னர் ஒருவர் மட்டும் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது என்கிறார். காரணம் என்ன சொல்கிறார் தெரியுமா? சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்களாம், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லையாம். இன்னொன்றும் சொல்கிறார். குதிரை விற்கும் வணிகர்கள், லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை மட்டும் இந்தப் பக்கம் வர விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! பயணிகளின் கணக்கில் மிகை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த வணிகத் தந்திரத்தைக் கேட்டால், நேற்று நடந்தது போலவே இருக்கிறது.

அப்படியானால் என்ன கொடுப்பது? நம் முன்னோர் ஒரு தீவனத்துக்குக் குதிரையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குதிரை மசால்! சுண்ணாம்புச் சத்து நிறைந்த பயறுவகைத் தீவனம். இங்கே நட்டால் வருமா? வராது. தேயிலைக்குப் பிடித்த இந்தப் புளிப்பு மண் குதிரை மசாலுக்கு ஆகாது. உடுமலை, கோயம்புத்தூர்ப் பக்கம் வளர்கிறது. காயவைத்த மசாலாக ஒரு மூட்டை ஏற்றி வந்தால், நாளுக்கு ஒரு கைக்கட்டு என்று பல நாள் வரும். புல்லில் அருகு நல்லது, ரோட்ஸ் புல் நல்லது. இரண்டிலும் அந்த ஆக்ஸலேட் தொல்லை மிகக் குறைவு. வேறு வழியில்லை, கினியும் நேப்பியரும்தான் இருக்கிறது என்றால், கலந்து போடுங்கள், ஒரே புல்லை மாதக்கணக்கில் போடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சுண்ணாம்புக்கல் தூள் சேருங்கள். சுண்ணாம்புக்கல் தூள் என்றால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அல்ல, அது வாயை வேக வைத்துவிடும். கொள்ளு? கொடுக்கலாம், ஊறவைத்து வேகவைத்து, அளவாக. கொள்ளு வேலைக்கான கூலி. வேலை இல்லாத நாளில் அதே அளவு கொள்ளு போட்டால் குதிரை வயிற்றுவலியில் உருளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதை மறந்துவிடாதீர்கள். உள்ளே போனது போனதுதான்.

இனி நிலத்துக்கு வருவோம். கணக்குப் போடலாமா? நம் மலையில் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரை, 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, ஆறு கிலோ காய்ந்த தீனி நாளொன்றுக்கு வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், ஆகவே 30 கிலோ பச்சைப் புல். வருஷத்துக்கு? பதினோரு டன்! ஒரு குதிரை வாங்குகிறவர் பதினோரு டன் புல்லையும் சேர்த்து வாங்குகிறார். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம். இந்தப் பதினோரு டன் எங்கிருந்து வரும் என்று பார்த்தோமா?

மேலைநாட்டுப் புத்தகங்கள் ஒரு குதிரைக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர் மேய்ச்சல் என்று சுலபமாகச் சொல்லிவிடும். இங்கே யாரிடம் இருக்கிறது ஏக்கர்? மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறோம், அந்தச் சுவரே நமக்குச் சொந்தமில்லை. லயத்தில் இருப்பவன் லாயத்துக்கு எங்கே போவான்? குதிரையைச் சாலையோரம் கட்டுகிறான், அணைக்கரையில் அவிழ்த்து விடுகிறான். அவன் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இருபது சென்ட் குத்தகைக்கு எடுத்தவர், வட்டவடைப் பக்கம் அரை ஏக்கர் வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் நான் இனிச் சொல்வது நேரடியாகப் பொருந்தும். மற்றவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு துண்டு நிலம் பிடிக்க முடியுமா என்று யோசியுங்கள். குதிரையும் தனியாக இருக்க விரும்பாத பிராணிதான்.

முதல் காரியம், நிலத்தில் ஒரு மூலையைக் குதிரைக்குப் பலி கொடுங்கள். ஆமாம், பலி! சரளைக் கல் கொட்டி, தண்ணீர் நிற்காமல் வடிகால் வெட்டி, மேலே ஒரு தகரக் கூரை போட்டு, இந்த மூலையில் புல்லே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் குதிரைக்கு அதுதான் வீடு. ஏன்? மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் இல்லை, நாக்கால் சுழற்றிப் பிடுங்கும், அதனால் அடியில் கொஞ்சம் மிஞ்சும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, தரையோடு தரையாக நறுக்கிவிடும். நாளில் பதினாலு, பதினாறு மணி நேரம் மேயும் பிராணி அது. ஈரச் சரிவில் அதன் குளம்பு குத்தினால் புல்லின் வேரோடு மண்ணும் பெயரும். பெயர்ந்த மண் எங்கே போகும்? கீழே இருக்கிற அணைக்குத்தான். குதிரைக்கும் அது நல்லதல்ல. சேற்றிலேயே நின்றால் குளம்பின் அடி கறுத்து நாறும், அழுகல் பிடிக்கும்.

மிச்ச நிலத்தை நாலாகப் பிரியுங்கள். புல் ஒரு சாண் உயரம் வந்ததும் குதிரையை விடுங்கள், நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த பாத்திக்கு மாற்றுங்கள். இதை நமக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் போய்ப் பாருங்கள், கொரங்காடு என்று ஒன்று இருக்கிறது. கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழையே காணாத பூமியில் ஒரு காட்டை ஆற விட்டு இன்னொரு காட்டில் மேய்த்து, தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அந்தப் புல்லை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, அதுவும் ஆக்ஸலேட் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நிலத்தை ஆற விடும் அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைக் கொண்டுவாருங்கள்.

இப்போது நான் மாட்டின் பக்கம் சாயப் போகிறேன். இவ்வளவு நேரம் மாடு வேறு, குதிரை வேறு என்று தொண்டை கிழியப் பேசினேன் அல்லவா? அந்த வேறுபாட்டிலேயே நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. குதிரை தான் சாணம் போட்ட இடத்துப் புல்லைத் தொடாது. அங்கே புல் முரட்டுத்தனமாக வளர்ந்து வீணாகும், அந்தப் புல்லில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறிக் காத்திருக்கும். அந்த இடத்தில் பசுவை விடுங்கள். பசு அந்தப் புல்லை மேயும். குதிரையின் புழுக்களில் பெரும்பாலானவை பசுவின் வயிற்றுக்குள் போனால் பிழைப்பதில்லை, செத்துவிடுகின்றன. பசுவின் புழுக்களில் பெரும்பாலானவை குதிரைக்குள் பிழைப்பதில்லை. குதிரைக்குப் பின் பசு, பசுவுக்குப் பின் ஓய்வு. மாட்டுப்பட்டிக்காரருக்கு இது கைக்கெட்டும் வைத்தியம். புழு மருந்தை மாதம் தவறாமல் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். பழகிய புழுவுக்கு மருந்து உறைக்காது. சாணத்தைச் சோதிக்கக் கொடுங்கள், முட்டை இருந்தால் மருந்து கொடுங்கள்.

அந்தச் சாணம்! ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ, வருஷத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல். இதைத் தண்ணீர் ஓரம் தள்ளிவிட்டு அதே தண்ணீரை நாம் குடிக்கிறோம். வாரம் இரண்டு முறையாவது மேய்ச்சலிலிருந்து பொறுக்கிக் குவித்து, மூடி, ஈரம் காத்து, புரட்டிப் போட்டால் குவியலின் உள்ளே கை வைக்க முடியாத சூடு எழும். அந்தச் சூட்டில் புழு முட்டையும் களை விதையும் செத்துவிடும். மக்கிய குதிரைச் சாணத்தைக் கேரட் போடுகிறவர் வேண்டாம் என்று சொல்வாரா? வட்டவடையில் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும், குதிரை நின்ற மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். குதிரைக்குத் தடுப்பூசி போடுங்கள், அதே நாளில் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

பல், குளம்பு இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தரையில் விழுந்து கிடந்தால் பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று அர்த்தம். ராவிவிட ஆள் வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடிப்பவர் இந்த மலையில் அரிது. போடி மலைப்பாதைகளில் பொதிக்குதிரை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் கண்ணுக்குக் குதிரை என்றால் சவாரி, செல்ஃபி. கொட்டகுடி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு அரிசியும் அதன் முதுகில்தான் போகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அதன் முதுகில்தான் ஏறுகிறது.

முதுகு என்றதும் ஞாபகம் வருகிறது. 1965ஆம் வருஷத்து மத்திய அரசு விதி ஒன்று இருக்கிறது, இழுவை, பொதி விலங்குகளுக்கானது. மட்டக் குதிரைக்குப் பொதி 70 கிலோ என்கிறது. நாளுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. பொதிக்கு 70. அரிசி மூட்டையை நிறுத்துப் பார்க்கலாம். கீழேயிருந்து காரில் வந்து இறங்குகிறாரே, கையில் பஜ்ஜியோடு, 95 கிலோ ஆசாமி, அவரை எந்தத் தராசில் நிறுத்துவது? "ஐயா, பிள்ளையை ஏற்றுங்கள், நீங்கள் கூட நடந்து வாருங்கள், நான் படம் பிடித்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள் தம்பிகளே. பாதிப் பேர் மனம் மகிழ்ந்து சம்மதிப்பார்கள். மீதிப் பேர் போகட்டும்.

மனிதன் தொடாமல் விட்டால் குதிரை என்ன ஆகும் என்று ஒருவர் வாசலில் கேட்டார். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் நெடுந்தீவு இருக்கிறது. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தில் குதிரை வளர்த்த தீவு. அவர்கள் போய்விட்டார்கள், லாயத்துத் தூண்கள் மிஞ்சின, குதிரைகள் காட்டுக் குதிரைகளாக இன்றும் திரிகின்றன. லாடமில்லை, கொள்ளில்லை, டாக்டரும் இல்லை. நாள் முழுக்க நடக்கின்றன, கூட்டமாக மேய்கின்றன. கடும் வறட்சி வந்தால் மட்டும் குடிதண்ணீர் இல்லாமல் செத்து விழுகின்றன. நாம் கட்டி வைத்த குதிரைக்கு நடையும் இல்லை, கூட்டமும் இல்லை. தண்ணீராவது, இருபது லிட்டருக்குக் குறையாமல், நாள் முழுக்க எட்டும் இடத்தில் இருக்கட்டும். எதிரே அணை நிறையத் தண்ணீர் நிற்க, வாளி காய்ந்து கிடக்கும் குதிரையை இந்தச் சாலையில் நானே பார்த்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது, பனியும் இறங்குகிறது. வெளியே தம்பி ஒருவர் தன் குதிரையைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். எல்லோரும் ஒரு நிமிஷம் வந்து பாருங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கெலும்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள், மட்டமாக இருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்று. பிறகு வீட்டுக்குப் போய் உங்கள் குதிரையையும் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் நாளைக் காலையில் என்னிடம் வாருங்கள், தவிட்டு மூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு. கிட்டே போகிறவர்கள் முன்பக்கமாகப் போங்கள், பின்னால் நிற்காதீர்கள்.